முதலில் ஆடியவள்

குடிக்காமல் ஆட முடியுமா என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. கோயில் நோம்பிக்கு ஆடியிருக்கிறோம். கல்யாண ஊர்வலத்தில் ஆடியிருக்கிறோம். கூட்டாளி ஒருவன் புது பைக் எடுத்ததற்குக்கூட ரோட்டை மறித்து ஆடியிருக்கிறோம். ஆனால் ஆடியது நாங்களா, உள்ளே போனதா என்று யார் பார்த்தது? அது வற்றிய பிறகு கால் என்பது நிற்பதற்கும் பஸ் ஏறுவதற்கும் மட்டும் என்றாகிப்போனது. பெருமாட்டிப் பக்கம் ஒரு காலிக் கோழிப்பண்ணை. பழைய கோழியை ஏற்றிவிட்டு அடுத்த குஞ்சு இறக்கும்வரை சும்மா கிடக்கும் நீளக் கொட்டகை. சுண்ணாம்பு அடித்த தரையில், கம்பிவலையோரமாக, கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம். ஸ்பீக்கர் தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. அவள் நடுவில் போய் ஆட ஆரம்பித்தாள்.

அவ்வளவு மோசமான ஆட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கை ஒரு பாட்டுக்கு, கால் வேறொரு பாட்டுக்கு. கிணற்றில் விழுந்த வாளியை எட்டி எடுப்பவள்போலக் குனிந்தாள்; எடுத்துவிட்டவள்போல நிமிர்ந்தாள்; பிறகு மறுபடியும் போட்டுவிட்டாள். செருப்பு ஒன்று கழன்று தீவனத் தட்டில் போய் விழுந்தது. எவனோ சிரித்தான். அதற்காகவே காத்திருந்தவள்போல அவன் பக்கம் திரும்பி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

“மொதல்ல நான் அசிங்கப்பட்டுக்கிடுதேன். பெறவு ஒவ்வொருத்தரா வாங்கலே.”

இதுதான் அவள். வேறு எதையும் சொல்லாமல் இதை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால்கூட அவளை அறிந்தவர்களுக்குப் போதும். எதிலும் முதல் ஆளாக இறங்கி, எதையும் கெடுத்து, அந்தக் கெடுதலின் மேல் எங்களை உட்காரவைப்பாள். வாலிபாலில் அவள் போட்ட சர்வீஸ் அவள் முதுகிலேயே பட்டது. பாட்டென்றால் சுருதி என்ற சமாசாரம் ஊரிலேயே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கள்ளு ஷாப்பு மீன்கறியின் காரத்தை நினைத்து நினைத்து ஏங்கிக்கொண்டிருந்த எங்களுக்காகக் கப்பைக்கிழங்கும் மத்திக் குழம்பும் வைத்தாள். உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. “கள்ளு இல்லாம இந்தக் கறிய எறக்க முடியாதுங்க்கா” என்று பெருமாட்டிக்காரன் வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பண்ணைக்காரர் மகன், இருபத்திரண்டு வயதிருக்கும். அவள் பதறவில்லை. “முடியும்லே, இந்தா மோர்” என்று சொம்பை நீட்டினாள்.

பெயர் சொல்லமாட்டேன். எங்களுக்குள் அப்படி ஒரு கட்டு. உள்ளே பேசியது வெளியே போகாது. பெயர் போகவே போகாது. நான் அவளை அம்மணி என்று கூப்பிட்டேன். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பேச்சில் வயதில் சிறிய பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவோம். முதல்முறை கேட்டபோது யாரையோ கூப்பிடுகிறேன் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். “எங்கப்பன்கூட என்னை இவ்வளவு மருவாதையாக் கூப்பிட்டதில்ல” என்றாள். பதிலுக்கு அவள் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டாள். அவளுடையது ஆனைக்கரையில் ஏலக்காய்த் தோட்டத்துக் குடும்பம், தாத்தன் காலத்தில் திருநெல்வேலியிலிருந்து மலை ஏறியவர்கள். அங்கே அது மரியாதை. எங்கள் ஊரில் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். அன்று முதல் பையன்கள் என்னைப் பார்த்தால் “அண்ணாச்சி, கால் கிலோ துவரம் பருப்பு போடுங்” என்பார்கள். நான் உரக்கடையில் நின்றுகொண்டிருந்தவன். பருப்புக்கு எங்கே போவேன்?

கூட்டம் என்றால் போர்டு வைத்த கூட்டமில்லை. ஒரே போதை மீட்பு மையத்தில் வெவ்வேறு மாதங்களில் கிடந்து எழுந்து வந்தவர்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பையன்கள். குடி, கஞ்சா, அதற்கு மேலே பெயர் தெரியாத பொடிகள். அவர்களுக்கு நடுவே முப்பதைத் தாண்டிய நான். பெண் என்று அவள் ஒருத்தி. மையத்தில் இருந்த கவுன்சிலர் மலையாளத்தில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புவார்: வைகுந்நேரம். சாயங்காலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கேதான் விழுவீர்கள் என்று. பார்த்துக்கொள்வது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

காலையில் வேலை இருக்கிறது. மதியம் சோறு இருக்கிறது. சாயங்காலம் என்ன இருக்கிறது? வெயில் தென்னைமரங்களுக்குக் கீழே இறங்கி, மண்ணெல்லாம் செம்பாகி, கிளிக்கூட்டம் ஒரு கத்துக் கத்திவிட்டுப் போகும். அதற்கப்புறம் அந்த நேரம் வாயைத் திறந்துகொண்டு எதிரே உட்காரும். என் பழைய கூட்டாளிகள் கெட்டவர்கள் இல்லை. ரோட்டில் பார்த்தால் நின்று பேசினார்கள். ஷாப்பு வாசலில் நான் கடந்துபோனால் கிளாஸைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். அந்த மறைப்பைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா என் சட்டையை மோந்து பார்ப்பதை மறைக்க என் முதுகைத் தட்டிக் கொடுப்பாள். இரண்டு மறைப்புகளுக்கும் நடுவே நான் எங்கே போய் உட்கார?

எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் இதிலிருந்து தப்பி நடக்க வழியும் கிடையாது. கேரளத்துக்கே கள்ளு போவது எங்கள் தோப்புகளிலிருந்துதான். அண்ணாந்து பார்த்தால் பாளைக்குப் பாளை கள்ளு இறங்கும் முட்டி கட்டியிருக்கும். காலையில் கேன் ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போகும். அந்த மரங்களுக்குக் கீழே பந்து விளையாடினோம். பந்து மேலே போகும்போதெல்லாம் எல்லோர் கண்ணும் பந்தைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய்விட்டுத் திரும்பும். அவள் அதைக் கவனித்திருக்கிறாள். ஒருநாளும் கேட்டதில்லை. குடித்தாயா என்று அவள் யாரையும் கேட்டு நான் கேட்டதில்லை. வாசலில் வந்து நிற்பாள், உள்ளே வரமாட்டாள். “சும்மாத்தான இருக்கீய, வாரீயளா?” அவ்வளவுதான். வராவிட்டால் மறுநாளும் நிற்பாள்.

எங்களில் சிங்காரிமேளம் அடிக்கிறவன் ஒருத்தன் இருந்தான். அவனை மேளம் என்றே கூப்பிடுவோம். கோயில் உத்சவங்களில் செண்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடியாடி அடித்தவன். திரும்பி வந்தபின் செண்டையைப் பரணில் போட்டுவிட்டான். “குடிக்காம எனக்குக் கை ஓடாதுங்க்கா” என்றான். அவள் சொன்னாள்: “ஓடாத கையோட அடி.”

“கேக்க நல்லாருக்காதுங்.”

“நான் ஆடுறது பாக்க நல்லாருக்கா?”

அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, “இல்லீங்க்கா” என்றான். மறுவாரம் செண்டையைக் கொண்டுவந்தான். கை ஓடவில்லைதான். தாளம் வழுக்கியது, நின்றது, வழியில் போகிற நாய் மாதிரித் திரும்பிப் பார்த்தது. அவள் அந்தத் தாளத்துக்கே ஆடினாள். அது நின்ற இடத்தில் இவளும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். ஒரு மாதத்தில் அவன் கை ஓட ஆரம்பித்தது. அவள் ஆட்டம் மட்டும் கடைசிவரை முன்னேறவில்லை.

இப்போது அவள் மலையில் இருக்கிறாள் என்று கேள்வி. நம்பர் மாறிவிட்டது. பையன்களில் சிலர் கல்யாணம் செய்துகொண்டார்கள், ஒருவன் வளைகுடாவுக்குப் போனான், ஒருவன் திரும்பவும் விழுந்தான், எழுந்தான். பண்ணையில் இப்போதெல்லாம் வருஷம் முழுக்கக் கோழி. நான் அந்த வழியாகப் போகும்போது வண்டியை மெதுவாக்குவேன். நிறுத்துவதில்லை.

அப்போதெல்லாம் அவள் சித்தூர் ரோட்டில் ஒரு கண்ணாடிக்கடையில் வேலை பார்த்தாள். மற்றவர்கள் மூக்கின் மேல் ஃபிரேம் மாட்டிவிட்டு, எட்டி நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கிற வேலை. கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். நாங்கள் எல்லோரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போவோம். வீட்டில் திட்டோ சோறோ ஏதாவது ஒன்று காத்திருக்கும். அவள் எங்கே திரும்பிப் போகிறாள் என்று நான் யோசித்ததே இல்லை, ஒரு மாலை கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்க்கும்வரை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பை எதுவும் இல்லை. பொள்ளாச்சி பஸ் வந்தது, ஆள் ஏறியது, போனது. அவள் ஏறவில்லை. அடுத்த பஸ் வந்தது. அதையும் விட்டாள். முகத்தில் எங்களுக்குத் தெரிந்த கோமாளி இல்லை. அங்கே வேறொருத்தி இருந்தாள். அவள் யாருக்கும் முன்னால் அசிங்கப்படத் தேவையில்லாதவள், ஏனென்றால் அவளைப் பார்க்க ஒருவரும் இல்லை.

“ஏனுங்க அம்மணி, ஆருக்குக் காத்திட்டிருக்கீங்க?”

“ஒருத்தருக்கும் இல்ல அண்ணாச்சி. பஸ் போறதப் பாக்கேன்.”

“எந்த பஸ்?”

“எங்கூருத் தெசையில போற பஸ்ஸு.”

பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம், அதற்கு மேல் கம்பம்மெட்டு ஏற்றம், அப்புறம் ஆனைக்கரை. அவள் விரல்விட்டுச் சொன்ன வரிசை அது. அன்றைக்குத்தான் மற்றதையும் சொன்னாள். கோட்டயம் பக்கம் ஹோம் நர்ஸாகப் போனவள். படுக்கையில் கிடந்த ஒரு அம்மச்சியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த அம்மச்சியின் வலிக்குக் கொடுத்த மாத்திரை இவளுடைய தனிமைக்கும் கேட்டது. பிடிபட்டாள். ஆனைக்கரையில் ஊராருக்கு அவள் ஹைதராபாத்தில் நல்ல வேலையில் இருப்பதாகப் பேர்.

“மையத்துல பசங்களப் பாக்க அம்மாமாரு வருவாவ. தூக்குல மீன் கொழம்பு வரும். வெளிய உக்காந்து அழுவாவ, ஏசுவாவ. எனக்கு அந்த ஏச்சுக்குக்கூட ஆள் இல்ல அண்ணாச்சி. ஆம்பள விழுந்தா ஊட்டுக்குத் துக்கம். பொம்பள விழுந்தா ஊட்டுக்கு ரகசியம்.”

எங்கள் ‘ஊட்டுக்கு’ அவள் வாயில் ஒட்டிக்கொண்டிருந்ததை அப்போது கவனித்தேன்.

தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அம்மா போனில் ஒரே வார்த்தை சொல்லியிருந்தது. முழுசா வந்தா வா. அரையும் குறையுமாக வந்து பந்தலில் தள்ளாடி நிற்பதானால் வராதே. அவள் அந்த வார்த்தையைக் காசுபோல முடிந்து வைத்திருந்தாள். முழுசாத்தான் போகிறேன், ஒரு சொட்டு, ஒரு துகள் இல்லாமல் போகிறேன் என்றாள். பிறகு, “ஆனா ஒத்தையிலப் போகப் பயமா இருக்கு” என்றாள்.

“சர்ச்சுல பூசை முடிஞ்சு சாப்பாடு ஆனதும் ஆம்பளைங்க ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால குடிக்க ஒதுங்கிருவாங்க. பொம்பளைங்க சுத்தி உக்காந்து ஹைதராபாத் எப்படின்னு கேப்பாங்க. ரெண்டு பக்கமும் எனக்கு நிக்க எடமில்ல. நீங்க எல்லாரும் வந்தா உங்க கூட நின்னுக்கிடுவேன். ஆருன்னு கேட்டா, கூட வேலை பாக்கிறவங்கன்னு சொல்லிக்கிடலாம். வாரீயளா?”

எத்தனை வாசலில் நின்று அவள் கேட்ட கேள்வி. இந்த முறை அவளுக்காக. போகாமல் இருப்போமா? பையன்களுக்குத் திருவிழா வந்துவிட்டது. ஒரே துணியில் எல்லோருக்கும் சட்டை தைத்தார்கள், கிளிப்பச்சையில். தையல்காரர் பெருமாட்டிக்காரன் அளவையும் என் அளவையும் மாற்றிவிட்டார். அவன் உள்ளே காற்றாடினான், நான் பொத்தான் போடாமல் நின்றேன். “கண்ணாடிக்கடையில வேல செய்யறவங்கன்னு சொன்னா ஆராச்சும் நம்புவாங்களாக்கும்? தோட்டம் பாக்க வந்த கிளிக்கூட்டம்னு சொல்லுங்” என்றான் மேளம். பண்ணையில் தினமும் ஒத்திகை. மலையாளப் பாட்டு ஒன்று, தமிழ்ப் பாட்டு ஒன்று, நடுவில் செண்டை. அவளை எந்த வரிசையில் நிறுத்தினாலும் அந்த வரிசை கெட்டது. கடைசியில் அவளை எல்லோருக்கும் முன்னால் தனியாக நிறுத்திவிட்டோம், கெடுக்க வரிசையே இல்லாமல்.

கல்யாணத்துக்கு முந்திய ஞாயிறு. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெருமாட்டிக்காரன் பைக்கின் பின்னால் வெள்ளைக் கேன் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தான்.

“அக்கா, இன்னைக்கு உங்களுக்குத் தெளுவு கொண்டாந்திருக்கேனுங்.”

“தெளிவா? ஏலே, அதத்தான நாம எல்லாரும் மாசக்கணக்காத் தேடிட்டு அலையுதோம். கேன்லயே வருதா?”

எல்லோரும் சிரித்தோம். தெளுவு என்பது எங்கள் பக்கத்துச் சொல். அவள் ஊரில் பதனி என்பார்கள். பாளை முட்டியின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குகிற சாறு இனிப்பாகவே நிற்கும். அதுதான் தெளுவு, பச்சைக் குழந்தைக்கும் கொடுக்கலாம். தடவாமல் கட்டினால் அதே மரம், அதே சாறு, கள். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளை. பெருமாட்டிக்காரன் மாமா தோப்பில் எல்லா மரமும் கள்ளுக்கு. வீட்டுக்கென்று ஓரமாக இரண்டு மரத்தில் மட்டும் தெளுவு இறக்குவார்கள். வழக்கமாக மரமேறுகிறவருக்கு முந்தின நாள் காய்ச்சல். பதிலுக்கு வந்தவருக்கு அந்த இரண்டு மரத்துக் கதை தெரியாது. எல்லா முட்டியும் ஒரே முட்டி என்று கட்டிவிட்டுப் போயிருக்கிறார். இதெல்லாம் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது.

பைக்கில் குலுங்கிய நுரை என்று நினைத்தோம். பனையோலையைப் பட்டை பிடித்து முதலில் அவளுக்கு ஊற்றினான். அவள்தானே எதிலும் முதல் ஆள். ஒரே மூச்சில் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “எங்க பதனி இப்படி நாக்கக் கடிக்காது. ஊருக்கு ஊரு ருசி போல” என்றாள். அடுத்த பட்டை எனக்கு. உதட்டில் பட்டது. என் நாக்குக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. இளங்கள்ளு. அப்போதுதான் புளிக்கத் தொடங்கியிருக்கிறது. துப்பிவிட்டேன். “ஆரும் குடிக்காதீங்க” என்று நான் கத்திய குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. கேனைத் தூக்கி வெளியே மண்ணில் கவிழ்த்தேன். மண் அதை உறிஞ்சிக்கொண்ட சத்தத்தை நாங்கள் எல்லோரும் கேட்டோம். வாசனை எழுந்தது. பையன்கள் இரண்டு அடி பின்னால் போனார்கள். ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றான்.

பெருமாட்டிக்காரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். “எனக்குத் தெரியாதுங்க்கா. சத்தியமாத் தெரியாதுங். தெளுவுன்னுதானுங் குடுத்தாங்க.”

“தெரியும்லே, எந்திரி” என்றாள் அவள். கையிலிருந்த ஓலைப்பட்டையை அவள் இன்னும் கீழே போடவில்லை.

மேளம்தான் வக்கீல் ஆனான். “அக்கா, உங்க சாதனம் வேற, இது வேற. நீங்க விழுந்தது மாத்திரையில. இது என்ன, ஒரு பட்டக் கள்ளு. அதும் பிஞ்சு. அதும் தெரியாமக் குடிச்சது. சைவக்காரன் தெரியாம முட்ட தின்னுட்டா அவன் சைவம் போயிருமுங்களா?”

“போகாது.”

“அப்புறமென்னுங்?”

“அவன் அவங்கம்மாகிட்டச் சொல்லுவானா, மாட்டானா?”

சொல்ல வேண்டாம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவள் அம்மாவுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் அவளுக்கு அப்படி இருக்க வராது. ஊர் அறிய ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவளுக்கு ஒன்றை மறைத்துக்கொண்டு நிற்கத் தெரியுமா? போனை எடுத்துக்கொண்டு கொட்டகையின் அந்தக் கடைசிக்குப் போனாள். கம்பிவலைக்கு வெளியே தென்னந்தோப்பு, உள்ளே நீளமான வெற்றுத் தரை, அதன் முடிவில் எங்களுக்கு முதுகு காட்டியபடி ஒரு சின்ன உருவம். பேசினாள். கேட்டாள். நிறைய நேரம் கேட்டாள். தலையை ஆட்டினாள், போனில் பேசுகிறவரால் பார்க்க முடியாது என்பதை மறந்து. திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

“வரச் சொல்லிட்டுது அம்மா. ஆனா என்னைத் தனியா வரச் சொல்லுது.”

“தனியான்னா?”

“நீங்க யாரும் வேண்டாமாம். ஊருக்குள்ள கேள்வி வரும்லா.”

கிளிப்பச்சைச் சட்டைகள் கம்பிவலையில் காய்ந்துகொண்டிருந்தன. பெருமாட்டிக்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னால்தான் என்று நினைத்தான். மேளத்துக்குக் கோபம். “உங்கம்மா நம்மள என்னன்னு நெனச்சிட்டாங்? மலைக்கு வந்து மரத்தைப் புடுங்கீருவமா?”

“விடுலே. மலைக்காரவுகளுக்கு வெளியாளுன்னா பயம்.”

அன்றைக்கும் ஸ்பீக்கர் வைத்தோம். பாட்டு ஓடியது. அவள் தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. நாங்கள் கம்பிவலையோரம் நின்றோம். யாராவது ஒருவர் நடுவில் போயிருக்கலாம். அந்தச் சுண்ணாம்புத் தரை முழுக்கக் காலியாகக் கிடந்தது. ஒருவராலும் முதல் அடி வைக்க முடியவில்லை. இத்தனை மாதம் அவள் என்ன வேலை செய்துகொண்டிருந்தாள் என்று அந்தப் பாட்டு முடிவதற்குள் எங்களுக்குப் புரிந்துபோனது.

பஸ் ஏற்றிவிட நான் மட்டும் போனேன். சின்னப் பை. முகம் கழுவிப் பொட்டில்லாமல், கழுத்தில் சிலுவைச் சங்கிலி. இந்த முறை பொள்ளாச்சி பஸ் வந்ததும் ஏறிவிட்டாள். ஜன்னல் வழியாக, “நாளான்னைக்குச் சாயங்காலம் போனப் பக்கத்துல வச்சுக்கிடுங்க அண்ணாச்சி” என்றாள். பஸ் கிளம்பியதும் கையாட்டக்கூட மறந்து, நேரே முன்னால் பார்த்துக்கொண்டு போனாள்.

கல்யாணத்தன்று உரக்கடையைச் சீக்கிரம் விட்டு வந்துவிட்டேன். வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்கிற நேரம் போன் அடித்தது.

“அண்ணாச்சி, ஒண்ணும் பேசாதீங்க. லைன்ல மட்டும் இருங்க.”

இருந்தேன். பின்னால் பேண்டு வாத்தியம் கேட்டது. பாத்திரச் சத்தம், யாரோ ஒரு குழந்தையை அதட்டுவது, மைக்கில் ஒரு பெரியவர் மணமக்களை வாழ்த்தி முடிக்காமல் போய்க்கொண்டே இருப்பது. இவற்றுக்கெல்லாம் இந்தப் பக்கம் அவள் மூச்சு. தூரத்தில் ஆண்கள் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு ஒன்று எழுந்தது. அது எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் மூச்சு கொஞ்சம் வேகமானது. வாய்க்கால் தண்ணீர் என் காலுக்கடியில் போய்க்கொண்டிருந்தது. நூறு மைலுக்கு மேல் தள்ளி ஒரு மலையின் மேல் ஒருத்தியோடு சேர்ந்து ஒரு சாயங்காலத்தைக் கடந்துகொண்டிருந்தேன். பிறகு யாரோ ஒரு பெண் குரல், சின்னக் குரல், “யக்கா, போட்டோவுக்கு வா, எல்லாரும் நிக்காவ” என்றது. தங்கையாக இருக்கும். மூச்சு விலகியது. போனை எங்கோ பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்த சத்தம். துண்டிக்க மறந்திருந்தாள்.

நானும் துண்டிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. வாத்தியம் மாறியது. ஆட்டத்துக்கான அடி. பிறகு மிக அருகில் ஒரு குரல், வயதான குரல், களைத்துப்போன குரல்.

“இது யாரு போனு? லைட்டு எரியுது... அலோ? யாரு?”

“நான்... உங்க புள்ள கூட...” என்று ஆரம்பித்தவன் நின்றேன். கூட என்ன?

“கொழிஞ்சாம்பாறையில இருந்தா பேசுதிய?” குரல் மாறிவிட்டது. “நான் அவ அம்மா. ஏன்யா, நீங்க யாரும் வரல? எல்லாரையும் கூட்டிட்டு வா, எம்பிள்ளயக் காப்பாத்துன முகங்கள ஒருதரம் பாக்கணும்னு போனுல அத்தன தடவ சொன்னேனே. உங்களுக்குன்னு ஒரு மேச போட்டு, இம்புட்டு நேரமும் ஒருத்தரையும் உக்கார விடல. இப்பத்தான் எடுத்தாங்க.”

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். எங்களைக் கண்டு அவளுக்கு வெட்கமா? எங்களில் ஒருவன் அந்த ஸ்டோருக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவான் என்ற பயமா? இல்லை, அந்த ஒரு பட்டைக் கள்ளுக்குப் பிறகு, யார் தோளிலும் சாயாமல் நிற்க முடியுமா என்று தன்னையே சோதித்துப் பார்க்கப் போனாளா? கேட்க இப்போது என்னிடம் நம்பர் இல்லை. அன்று நம்பர் இருந்தது, ஆளும் அந்தப் போனிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தாள்.

“பஸ்ஸு கெடைக்கலீங்க அம்மா” என்றேன்.

“அடக் கடவுளே. இருங்கய்யா, அவளக் கூப்புடுதேன். அன்னா நடுவுல நிக்கா பாருங்க, அவ தங்கச்சி கையப் புடிச்சிக்கிட்டு...”

“வேண்டாமுங்க அம்மா” என்றேன். “கூப்புடாதீங்க. அங்கயே நிக்கட்டும்.”